கேமரா வாங்கப் போய் விளக்கு வாங்கிய கதை: ஓர் ஆரி வகுப்பின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

2023 மே மாதம், மதுரைக்குப் பக்கத்து ஊரிலிருந்து ஆரி வேலை (கொக்கி ஊசியால் செய்யும் எம்பிராய்டரி) சொல்லித்தரும் ஆசிரியை ஒருவர் தன் தம்பியுடன் என் கடைக்கு வந்தார். நான் கல்யாண வீடியோ எடுப்பவன். எங்கள் கடையில்தான் அவர்கள் வீட்டுக் கல்யாணம் எடுத்தது, அந்தப் பழக்கம்.

ஆசிரியை ஒன்பது வருடமாக வீட்டு முன்னறையில் வகுப்பு நடத்துகிறார். கொரோனா சமயத்தில் வகுப்பு நின்றுபோக, போனில் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்ப ஆரம்பித்தார். அது நிற்காமல் தொடர்ந்தது. இப்போது கட்டணம் வாங்கி முறையான ஆன்லைன் வகுப்பாகச் செய்ய வேண்டும், அதற்கு ‘நல்ல கேமரா’ வேண்டும் என்பது அவர்கள் முடிவு. தம்பி டிப்ளமோ முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தான். படம் எடுப்பது, எடிட் செய்வது எல்லாம் அவன் பொறுப்பு.

அவன் கையில் ஒரு பட்டியல் இருந்தது. சோனி இசட்.வி.-இ10 கேமரா, அதோடு வரும் 16-50 லென்ஸ், ஒரு கிம்பல் (நடந்துகொண்டே எடுத்தாலும் படம் ஆடாமல் பிடிக்கும் கருவி). 18 இஞ்ச் ரிங் லைட்டை 2,800 ரூபாய்க்கு ஏற்கெனவே வாங்கியாயிற்று. மொத்தச் செலவு 70,000 ரூபாயைத் தாண்டும். ஆசிரியையின் கழுத்துச் சங்கிலியை அடகு வைப்பதாகத் திட்டம்.

“அண்ணே, இந்தக் கேமரா வாங்கிட்டா பேக்ரவுண்ட் ப்ளர் ஆகும்ல?” இதுதான் தம்பியின் முதல் கேள்வி.

“ஆகும். உங்க அக்கா வீடியோல எதை ப்ளர் பண்ணப் போற?” என்று கேட்டேன். அவனிடம் பதில் இல்லை. கிண்டலாகக் கேட்டதில்லை, எனக்கும் அப்போது தெரியாது. பழைய வீடியோக்களைப் பார்க்கும்வரை சங்கிலியைக் கழற்ற வேண்டாம் என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

பழைய வீடியோக்களில் கண்டது

பன்னிரண்டு வீடியோக்களைக் கடை மானிட்டரில் போட்டுப் பார்த்தேன். போனின் தெளிவில் பெரிய குறை எதுவும் தெரியவில்லை. மற்றபடி குறைகள் நிறைய.

படத்தின் குறுக்கே மெல்லிய கறுப்புப் பட்டைகள் மேலும் கீழும் நகர்ந்தன. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதனால் பழைய டியூப் லைட்டும் மலிவான எல்.இ.டி. பல்பும் வினாடிக்கு 100 முறை மங்கி எரியும். ஷட்டர், அதாவது ஒரு ஃபிரேம் வெளிச்சத்தை வாங்கும் நேரம், 1/50 அல்லது 1/100 வினாடி என்று இருந்தால் ஒவ்வொரு ஃபிரேமிலும் முழுச் சுற்று வெளிச்சம் பதிந்துவிடும், பட்டை வராது. இவர்கள் எல்லாவற்றையும் ஆட்டோவில் விட்டிருந்தார்கள். போன் தன் இஷ்டத்துக்கு 1/120, 1/240 என்று மாற்றிக்கொண்டிருந்தது.

அடுத்தது நிறம். அரக்கு நிறப் பட்டு, படத்தில் சாக்லேட் நிறமாகத் தெரிந்தது. கை உள்ளே வந்து வெளியே போகும்போதெல்லாம் துணியின் நிறமும் கொஞ்சம் மாறியது. கல்யாண பிளவுஸில் பாதி அரக்கும் மெரூனும்தான். நிறம் பொய் சொன்னால் எந்த நூல் எடுக்க வேண்டும் என்று மாணவிக்கு எப்படித் தெரியும்?

மூன்றாவதைப் பார்க்க வீடியோவை நிறுத்திப் பெரிதாக்க வேண்டியிருந்தது. கழுத்து டிசைனில் வரிசையாக ஒட்டியிருந்த குந்தன் கற்கள் ஒவ்வொன்றிலும் ஒரு குட்டி வெள்ளை வளையம். எண்ணிப் பார்த்தேன், இருபத்திரண்டு கல், இருபத்திரண்டு வளையம். ரிங் லைட்டின் பிரதிபலிப்பு அது. முகத்துக்கு நேரே வைக்கும்போது கண்ணில் அழகாக விழுகிற அதே வளையம், கல்லில் விழுந்தால் கல்லின் நிறத்தையே மறைத்துவிடுகிறது. அதோடு ரிங் லைட் கேமராவைச் சுற்றி நேராக அடிப்பதால் நூலுக்கு நிழலே இல்லை. சங்கிலித் தையலின் மேடுபள்ளம் தெரியாமல், பேனாவால் கோடு இழுத்த மாதிரி தட்டையாக இருந்தது.

அப்புறம் நடுக்கம். ஒவ்வொரு குத்துக்கும் படம் லேசாக அதிர்ந்தது. சத்தத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்: மின்விசிறி, குக்கர் விசில், தெருவில் தக்காளி விற்கும் ஆட்டோ.

இதையெல்லாம் நான் வீடியோக்காரனின் கண்ணால் பார்த்தேன். மாணவிகள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டபோது ஆசிரியை தன் வாட்ஸ்அப் குழுவைத் திறந்து போனை என்னிடமே கொடுத்துவிட்டார். நாற்பது செய்திகள் வரை படித்தேன். ‘கிளியரா இல்லை’ என்று ஒருவர் எழுதியிருந்தார். திரும்பத் திரும்ப வந்த கேள்வி வேறு: “அக்கா, கீழ இருக்கிற கை என்ன பண்ணுது?”

ஆரி தெரியாதவர்களுக்கு ஒரு வரி. துணியை மரச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, வலது கையில் கொக்கி ஊசியைப் பிடித்து மேலிருந்து குத்துவார்கள். இடது கை துணிக்கு அடியில் நூலைப் பிடித்துக்கொண்டு, கொக்கியில் சுற்றிக் கொடுக்கும். பாதி வேலை அடியில்தான் நடக்கிறது. எந்தக் கேமரா வாங்கினாலும் மேலிருந்து அது தெரியாது. இந்தக் கேள்வியைப் படித்த பிறகுதான் தம்பியின் பட்டியலை மடித்து வைத்தேன்.

முதல் முடிவு: கேமரா இப்போது வேண்டாம்

வேண்டாம் என்று சும்மா சொன்னால் இருபத்திரண்டு வயதுப் பையன் கேட்பானா? கணக்குப் போட்டுக் காட்டினேன்.

அவன் விரும்பிய கேமரா 2021-இல் வந்தது, நல்ல கேமரா. மைக் சொருகலாம், ஆட்டோ ஃபோகஸ் நன்றாக வேலை செய்யும். ஆனால் கூட வரும் 16-50 லென்ஸ் எவ்வளவு நெருங்கினாலும் பொருளை அதிகபட்சம் 0.215 மடங்குதான் சென்சாரில் (கேமராவுக்குள் படத்தை வாங்கும் சிப்) பதிக்கும். சென்சாரின் அகலம் 23.5 மில்லிமீட்டர். ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் கிட்டத்தட்ட 11 சென்டிமீட்டர். அதாவது, முழுதாக நெருங்கினாலும் படத்தில் 11 சென்டிமீட்டர் துணி தெரியும். அதற்கும் கிட்டே போக மேக்ரோ லென்ஸ் வேண்டும், அது தனிச் செலவு.

இப்போது அவர்களிடம் இருந்த போனை எடுத்து, துணியின் மேல் ஸ்கேலை வைத்து 15 சென்டிமீட்டர் உயரத்தில் பிடித்தோம். படத்தில் 20 சென்டிமீட்டர் அகலம் தெரிந்தது. 4கே-யில் எடுத்தால் 3840 புள்ளி அகலம். அதில் பாதியை வெட்டினாலும் 1920 மிஞ்சும், முழு ஹெச்.டி. அப்படி வெட்டினால் தெரிவது 10 சென்டிமீட்டர். தம்பி ஸ்கேலை இரண்டு முறை பார்த்தான். அவனே திரும்ப அளந்தான்.

ஊசிக்கும் லென்ஸுக்கும் நடுவே கேமராவில் சில சென்டிமீட்டர் கூடுதல் இடம் கிடைக்கும் என்பது உண்மை. போனில் அதைச் சமாளிக்க, ஆசிரியைக்கு எதிர்ப்பக்கமிருந்து லேசாகச் சாய்த்து எடுத்து, எடிட்டிங்கில் 180 டிகிரி திருப்பினோம். பார்ப்பவருக்குத் தன் சொந்தக் கையைப் பார்ப்பது போலவே இருக்கும்.

ப்ளர் விஷயமும் இங்கே எதிராகத்தான் போனது. பெரிய சென்சாரில் இவ்வளவு நெருக்கத்தில் ஊசி முனை ஃபோகஸில் இருந்தால் விரல் மங்கும். போனின் சிறிய சென்சாரில் ஊசி, விரல், துணி மூன்றும் தெளிவாக நிற்கும். வகுப்புக்கு அதுதான் வேண்டும். கிம்பலைப் பற்றிப் பேச்சே எழவில்லை; அசையாமல் நிற்க வேண்டிய கேமராவுக்கு எதற்குக் கிம்பல்?

இரண்டாவது முடிவு: வெளிச்சத்துக்குச் செலவு

அவர்கள் வீட்டுக்குப் போனேன். ஜன்னலை அடைத்து, ரிங் லைட்டை நிறுத்திவிட்டு, எங்கள் கடை விளக்கு ஒன்றை வைத்துப் பார்த்தோம். வலப்பக்கம் வைத்தேன். கை நிழல் நேராக ஊசி முனையில் விழுந்தது. கொஞ்சம் உயர்த்தினேன், தாழ்த்தினேன், பின்னால் இழுத்தேன். ஆசிரியை சிறிது நேரம் பார்த்துவிட்டு, “தையல் மெஷின் போடும்போது வெளிச்சம் இடப்பக்கம் இருக்கணும்னுதானண்ணே நாங்க ஜன்னலோரமா போடுவோம்?” என்றார்.

சரிதான். வலது கையால் வேலை செய்பவருக்கு வெளிச்சம் இடப்பக்கமிருந்து வந்தால் நிழல் வெளியே போய் விழும். எத்தனையோ மண்டபத்தில் லைட் பிடித்தவனுக்கு அது தோன்றவில்லை. விளக்கை இடப்பக்கம் மூன்றடி தள்ளி, துணி மட்டத்திலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் சாய்வாக வைத்தோம். நூலின் ஒவ்வொரு கண்ணியும் தனித்தனியாக எழுந்து நின்றது. வலப்பக்கம் ஒரு வெள்ளைத் தெர்மோகோல் பலகையைச் சாத்தியதும் இருட்டுப் பக்கம் தேவையான அளவு வெளுத்தது. குந்தன் கல்லில் வளையம் போய், ஓரத்தில் மென்மையான ஒரு வெள்ளைத் திட்டு மட்டும் தங்கியது. கல்லின் பச்சை தெரிந்தது.

எந்த விளக்கு வாங்குவது என்பதில் ஒரே ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இருந்தேன். விளக்குப் பெட்டியில் சி.ஆர்.ஐ. என்று ஒரு எண் போட்டிருப்பார்கள், நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதன் அளவு. 95-க்கு மேல் இருந்தால் நல்லது என்று எல்லோரும் சொல்வார்கள். அந்த எண் எட்டு வெளிர் நிறங்களின் சராசரி. அடர் சிவப்பு அந்த எட்டில் சேராது. அதை ஆர்9 என்று தனியாகக் குறிப்பார்கள். வீட்டு எல்.இ.டி. பல்புகளில் பெரும்பாலும் அடிபடுவது இந்தச் சிவப்புதான். அரக்குப் பட்டு சாக்லேட் நிறமானதற்கு வெள்ளைச் சமநிலையை (வெள்ளை வெள்ளையாகவே தெரியச் செய்யும் அமைப்பு) ஆட்டோவில் விட்டது பாதிக் காரணம் என்றால், இது மீதிப் பாதி.

ஆகவே டவுன்ஹால் ரோட்டுக் கடைக்குப் போகும்போது அரக்குப் பட்டில் ஒரு வெட்டுத் துண்டைக் கொண்டுபோனோம். கடைக்காரர் ஒவ்வொரு விளக்கையும் போட்டுக்காட்ட, துண்டை அதன் கீழே பிடிப்போம். அப்புறம் வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்போம். மூன்று விளக்கில் ஒன்றில் துணி கண்ணுக்கே பழுப்பாகத் தெரிந்தது. கடைக்காரருக்கு எங்கள் மேல் கொஞ்சம் எரிச்சல்தான்.

60 வாட், 5600 கெல்வின் எல்.இ.டி. ஒன்றை எடுத்தோம். பகல் நிற விளக்கை எடுத்ததற்குக் காரணம், ஜன்னல் வெளிச்சம் கலந்தாலும் நிறம் முரண்படாது என்பது. விளக்கு, வெளிச்சத்தை மென்மையாக்கும் துணிக்கூடான சாஃப்ட்பாக்ஸ், ஸ்டாண்டு மூன்றும் சேர்த்து 14,000 ரூபாய்.

போனில் எல்லாவற்றையும் நாமே அமைக்கும் புரோ வீடியோ மோடு இருந்தது. 25 ஃபிரேம், ஷட்டர் 1/50, வெள்ளைச் சமநிலை 5600, ஃபோகஸ் லாக். படம்பிடிக்கும்போது அறை டியூப் லைட்டை அணைத்துவிட வேண்டும். இதை ஒரு அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டச் சொன்னேன். பட்டையும் நிற மாற்றமும் அன்றோடு போயின. செலவு, ஒரு ஸ்கெட்ச் பேனா.

நடுக்கமும் கீழ்க் கையும்

நடுக்கத்துக்குக் காரணம் கண்டுபிடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. போன் பிடிக்கும் வளைகம்பியை மரச் சட்டத்திலேயே முடுக்கியிருந்தார்கள். ஊசி குத்தும் ஒவ்வொரு முறையும் சட்டம் அதிர, போனும் அதிர்ந்தது. தரையில் தனியாக நிறுத்தினால் சரியாகும் என்று நினைத்தோம். குத்து அதிர்வு போய்விட்டது. மின்விசிறிக் காற்றில் வளைகம்பி ஆட ஆரம்பித்தது. சினிமாக்காரர்கள் வைத்திருக்கும் கனமான ஸ்டாண்டு எங்கள் கணக்குக்கு எட்டாது. அவர்கள் தெருவிலேயே வெல்டிங் பட்டறை இருந்தது. இரும்புக் குழாயைத் தலைகீழ் ‘ட’ போல வளைத்து, கீழே பழைய கிரில் தகட்டைப் பற்றவைத்து 1,100 ரூபாய்க்குச் செய்து கொடுத்தார்கள். அதன் நுனியில் 450 ரூபாய் போன் கிளாம்ப். போன் நழுவினால் ஆசிரியையின் கையில்தான் விழும் என்பதால் ஒரு நைலான் கயிறும் கட்டினோம்.

கீழ்க் கையைக் காட்டுவதற்கு, வீட்டில் ஓரமாகக் கிடந்த பழைய போன் உதவியது. பட்டுக்குப் பதில் வெள்ளை நெட் துணியைச் சட்டத்தில் கட்டி, பழைய போனைத் தரையில் மல்லாக்க வைத்து, பக்கத்தில் 1,400 ரூபாய் பேட்டரி லைட். ஊசி மேலிருந்து இறங்குவதும், விரல் நூலைச் சுற்றிக் கொடுப்பதும், கொக்கி அதைக் கவ்விக்கொண்டு மேலே போவதும் அப்படியே தெரிந்தன. அந்த முதல் கிளிப்பை ஆசிரியை மூன்று முறை போட்டுப் பார்த்தார். “ஒம்பது வருசமா பண்றேன், என் கை இப்படிப் போகுதுன்னு இப்பத்தான் பார்க்கிறேன்” என்றார்.

சத்தம்

850 ரூபாய்க்கு வயர் காலர் மைக். முதல் வாரம் மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பேசிப் பார்த்தார். அக்னி நட்சத்திர வெயில் அப்போதுதான் கழிந்திருந்தது. நெற்றி வியர்வை பட்டில் சொட்டியதும் அந்த யோசனை கைவிடப்பட்டது. வேலையைப் பேசாமல் செய்து எடுத்துவிட்டு, இரவு பீரோவைத் திறந்து, தொங்கும் சேலைகளுக்கு முன்னால் உட்கார்ந்து குரல் கொடுப்பது என்று முடிவாயிற்று. சேலைகள் எதிரொலியை வாங்கிக்கொள்கின்றன. ஆடி மாதம் முழுக்க அம்மன் கோயில் ஸ்பீக்கர் ஓயும்வரை காத்திருந்து, பதினொரு மணிக்கு மேல்தான் பதிவு.

தொடர்ந்து நடந்தவை

முதல் கட்டண வகுப்பு ஆகஸ்டில் தொடங்கியது. 14 பேர். பெரும்பாலும் முன்பே அவரிடம் படித்தவர்களும் அவர்களுக்குத் தெரிந்தவர்களும்தான். யூடியூபில் போட்ட இலவச வீடியோக்கள் பெரிதாக ஓடவில்லை. வெளிச்சம் நன்றாக இருந்தால் பார்வைகள் கூடும் என்று நினைத்திருந்த தம்பிக்கு அதில் ஏமாற்றம். ஆனால் குழுவில் ‘கீழ்க் கை’ கேள்வி நின்றுவிட்டது. அதற்குப் பதில் ஊசி எண், நூல் பிராண்டு என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

நவம்பரில் தம்பி மறுபடி கேமரா பேச்சை எடுத்தான். அவன் கேட்டதில் தவறில்லை. ஆகவே அதே கேமராவை ஒரு நாள் வாடகைக்கு எடுத்தோம், 1,500 ரூபாய். ஒரே விளக்கு, ஒரே துணி, ஒரே டிசைன். போனில் ஒரு கிளிப், கேமராவில் ஒரு கிளிப். எது எதில் எடுத்தது என்று சொல்லாமல் குழுவில் இரண்டையும் போட்டோம். கேமரா கிளிப்பில் சத்தம் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருந்தது. காலர் மைக்கில் போனுக்கும் கேமராவுக்கும் தனித்தனி சுவிட்ச் நிலை உண்டு, மாற்ற மறந்துவிட்டோம். ஆகவே சத்தத்தை நீக்கிவிட்டே அனுப்பினோம்.

பதினோரு பேர் பதில் எழுதினார்கள். நால்வர் கேமரா படம் நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள், ஐவர் போன் படத்தை. மற்ற இருவர் இரண்டையும் விட்டுவிட்டு அந்த டிசைனில் இருந்த கட் பீட்ஸ் மணிகள் எங்கே கிடைக்கும் என்று கேட்டிருந்தார்கள்.

தைத்து முடித்த பிளவுஸை மணப்பெண் போட்டுக்கொண்டு நிற்கும் வீடியோ என்றால் கதை வேறு. மண்டப வெளிச்சத்தில் போன் படம் புள்ளி புள்ளியாக உடைந்தது; அங்கே அந்தப் பெரிய சென்சாரும் ப்ளரும் உண்மையிலேயே உதவின. அப்படி வந்த மூன்று வேலைக்கும் கேமராவை வாடகைக்கே எடுத்தார்கள். வாடகையை அந்த வேலையின் கட்டணத்திலேயே சேர்த்துவிட்டார்கள்.

அடுத்த வருட மே மாதத்தில் போன் சூடாகிப் பதிவு தானாக நின்றதும் இரண்டு முறை நடந்தது. உறையைக் கழற்றிவிட்டு, பத்து நிமிடத்துக்கு ஒரு கிளிப் என்று துண்டு துண்டாக எடுப்பதுதான் இன்றுவரை வழி. 4கே-யில் மணிக்கு 20 ஜி.பி.க்கு மேல் இடம் பிடிக்கிறது என்பதால் அன்றன்றைக்கே லேப்டாப்புக்கு மாற்றியாக வேண்டும்.

இன்னொரு முறை என்றால்

வாடகைக் கேமராவும் சேர்த்து மொத்தச் செலவு 20,160 ரூபாய். அதில் 700 ரூபாய் என் தவறு. கல்லின் பளபளப்பைக் குறைக்கலாம் என்று போனில் மாட்டும் போலரைசர் ஃபில்டரை வாங்கச் சொன்னேன். கல்லில் கொஞ்சம் குறைந்தது; ஜரிகையில் ஒன்றும் ஆகவில்லை. உலோகப் பளபளப்பைப் போலரைசர் வெட்டாது. இது எனக்குத் தெரிந்த விஷயம்தான். ஜரிகையும் உலோகம்தான் என்பது அந்த நேரத்தில் உறைக்கவில்லை. ஃபில்டர் வெளிச்சத்தையும் தின்றது.

60 வாட் விளக்கும் தேவைக்கு அதிகம். தூரம் பாதியானால் வெளிச்சம் நான்கு மடங்காகும். மூன்றடியில் வைத்து வேலை செய்பவர்களுக்கு அதன் 20 சதவீதமே போதுமாக இருந்தது. ‘நாளைக்குப் பெரிய வேலை வந்தால் உதவும்’ என்று நான்தான் தூண்டினேன். இன்று வாங்கச் சொன்னால் அதில் பாதி வாட்டில், ஆனால் சிவப்பைச் சரியாகக் காட்டும் விளக்கைத் தேடுவேன். அதற்கும் முன்னால், ஒரு வாரம் காலை ஒன்பது மணி ஜன்னல் வெளிச்சத்தில், குறுக்கே ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டி எடுத்துப் பார்க்கச் சொல்லியிருப்பேன். அவர்கள் ஜன்னல் கிழக்கு பார்த்தது. அதை நான் கவனித்ததே விளக்கு வாங்கி ஒரு மாதம் கழித்துத்தான்.

மாணவிகளின் கேள்விகளை வீடியோக்களுக்கு முன்னால் படித்திருக்க வேண்டும். பன்னிரண்டு வீடியோ பார்த்து நான் எழுதிய குறிப்பில் கீழ்க் கையைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

ரிங் லைட்டை 900 ரூபாய்க்குப் பக்கத்துத் தெரு பியூட்டி பார்லர்காரர்கள் வாங்கிக்கொண்டார்கள். சங்கிலி அடகுக்குப் போகவில்லை. தம்பி இப்போது வாரத்தில் இரண்டு நாள் என் கடைக்கு எடிட்டிங்குக்கு வருகிறான்; கேமரா வாங்கும் ஆசை அவனுக்கு இன்னும் அப்படியே இருக்கிறது.